மணி அடிக்காத சனிக்கிழமை

எங்கள் அலுவலகத்தில் ஒரு பூஜை மணி இருந்தது. சாமி படம் எதுவும் கிடையாது, மணி மட்டும். கரியாஹாட் கடைத்தெருவில் வாங்கிய பித்தளை மணி. என் மேஜைக்கும் தாதாவின் மேஜைக்கும் நடுவில் ஓர் ஆணியில் தொங்கும். கொல்கத்தாவில், ஜாதவ்பூரில் ஒரு பழைய வீட்டின் மாடிதான் அலுவலகம். கீழே ஒரு தையல்காரர் கடை வைத்திருந்தார். நாங்கள் மணி அடித்தால் அவர் மிஷினை நிறுத்திவிட்டு ஒரு தரம் அண்ணாந்து பார்ப்பார். ரேடியோ செய்கிறவர்களுக்கு மணி எதற்கு என்று ஒருநாளும் கேட்டதில்லை.

தாதா என்றால் வங்காளத்தில் அண்ணன். என் கணவர் மதுரையிலிருந்து வங்கி வேலைக்கு மாற்றலாகி வந்தவர். அவருக்கு இந்தச் சொல்லைக் கேட்டாலே சிரிப்பு வரும். "உங்க தாதா மேல எத்தன கேஸு இருக்கு?" என்று கேட்பார். எங்கள் தாதாவுக்கு ஐம்பத்தெட்டு வயது. வெயிலென்றாலும் மழையென்றாலும் குடை, கைப்பையில் இரண்டு மாரி பிஸ்கட், ஒன்று எனக்கு. பதினோரு மணிக்கு டீ வரும்போது என் பிஸ்கட்டை என் கீபோர்டின் மேல் வைப்பார். ஒன்பது வருடமாக வைத்தார்.

மணியை மாட்டியவரும் அவர்தான். அதற்குக் காரணம் நாங்கள் செய்துகொண்டிருந்த பெட்டி.

அது மீன்பிடி விசைப்படகுகளுக்கான ரேடியோப் பெட்டி. ஒரே பெட்டி, மூன்று வேலை. அதில் பேசலாம், வானிலைச் செய்தி வாங்கலாம். ஆபத்து வந்தால் சிவப்புப் பொத்தானை அழுத்தலாம். படகு இருக்கும் இடத்தைச் சொல்லிக் கரையை உதவிக்குக் கூப்பிடும். முன்பென்றால் மூன்று வேலைக்கு மூன்று சர்க்யூட் வேண்டும். இப்போது எல்லாம் ஒரே சிப்பில். அந்தச் சிப்புக்கென்று சொந்த வேலை எதுவும் கிடையாது. ஒரு கோப்பை அதில் ஏற்றினால் உள்ளே இருக்கும் சர்க்யூட்டே மாறிவிடும். எங்களுக்குக் கிடைத்தது சின்னச் சிப். மூன்று வேலையும் சேர்ந்தாற்போல் அதில் அடங்காது. அதனால் ஒரு பகுதியை மட்டும் ஓட்டத்திலேயே அழித்து, அந்த நேரத்துக்கு வேண்டிய வேலையை அங்கே எழுதுவோம். மற்ற பகுதி ஒரு நொடிகூட நிற்காது. கடிகாரம், இடத்தைக் கண்டுபிடிக்கும் பகுதி, முகப்பு விளக்குகள் எல்லாம் அதில் ஓடிக்கொண்டே இருக்கும்.

என் கணவருக்கு இதை வீட்டை வைத்துத்தான் விளக்கினேன். கூடத்தில் சமையல், சாப்பாடு, டிவி எல்லாம் நடக்கிறது. ஓர் அறையை மட்டும் அப்படியே பெயர்த்து எடுத்துவிட்டு, வெளியில் முழுதாகக் கட்டிவைத்த வேறோர் அறையை அந்த இடத்தில் பொருத்துகிறோம். கூடத்தின் கதவும் புது அறையின் கதவும் நேருக்கு நேர் வரவேண்டும். வராவிட்டால் சுவரைப் பார்த்துத்தான் பேசிக்கொண்டிருக்க வேண்டும். இதில் ஒரு வம்பு உண்டு. கூடத்தில் ஓர் ஆணி அடித்தால்கூட, அதைக் கட்டித் தருகிற மென்பொருள் எல்லாக் கதவுகளையும் இடம் மாற்றி வைத்துவிடும். அதனால் கூடத்தில் புள்ளியளவு கைவைத்தாலும் மூன்று அறைகளையும் புதிதாகக் கட்டியாக வேண்டும். இந்தத் தொழிலில் இது பால பாடம்.

கூடம் என் பொறுப்பு. பேச்சு, வானிலை இரண்டும் என் அறைகள். ஆபத்து அறை தாதாவுடையது. அதைக் கட்ட அவருடைய கணினிக்கு நான்கு மணி நேரம் பிடிக்கும். நான் கூடத்தைத் தொட்டால் மணி அடிக்கவேண்டும்; மணி கேட்டால் அவர் தன் அறையைப் புதிதாகக் கட்டவேண்டும். மின்னஞ்சல் அனுப்பினால் மறந்துவிடுவோம், காதில் விழுந்தால் மறக்கமாட்டோம் என்பது அவர் கட்சி. அதற்கும் மேலே ஒரு காவல் வைத்திருந்தார். அறைகளை ஏற்றும் புரோகிராம் அவர் எழுதியது. கட்டும்போதே பதிகிற கூடத்தின் எண்ணும் அறையின் எண்ணும் ஒத்துப்போகிறதா என்று அதில் ஒரு வரி பார்க்கும். ஒத்துப்போகாவிட்டால் ஏற்றமாட்டேன் என்று நின்றுவிடும்.

அந்த வெள்ளிக்கிழமை, பெட்டியை வாங்கவிருந்த மீன்வளத் துறையின் அதிகாரி ஒருவர் வந்தார். சிவப்புப் பொத்தானை அழுத்திய பிறகு படகில் இருப்பவர்களுக்கு ஓர் ஆறுதல் வேண்டும் என்றார். "பயந்து போயிருப்பார்கள். பச்சை விளக்கு மெதுவாக விட்டு விட்டு எரியட்டும். செய்தி போய்க்கொண்டிருக்கிறது என்று தெரியும்." நல்ல யோசனைதான். அதிகாரிகள் சொல்லும் யோசனையில் பத்துக்கு ஒன்று தேறும், அது இது. திங்கட்கிழமை மாலை பெட்டி படகுக்குப் போகவேண்டும்.

சனிக்கிழமை நான் தனியாக வந்தேன். வெளியே நல்ல மழை. செய்தி உண்மையிலேயே போகிறதா என்று பார்த்து விளக்கை எரியவிடுவதுதான் முறை. அதற்கு ஆபத்து அறைக்குள் கைவைக்க வேண்டும், நான்கு மணி நேரம் ஆகும். பொத்தான் அழுத்தப்பட்டதா என்று மட்டும் பார்த்து எரியவிட்டால் கூடத்திலேயே முடிந்துவிடும். நான் சுலபமான வழியில் போனேன். கூடத்தைப் புதிதாகக் கட்டினேன், என் இரண்டு அறைகளையும் கட்டினேன். ஆபத்து அறை பழையதாக இருந்ததால் தாதாவின் காவல் வரி ஏற்ற மறுத்தது. எனக்கு விளக்கு எரிகிறதா என்று மட்டும் பார்க்கவேண்டியிருந்தது. அந்த வரியை எடுத்துவிட்டேன். விளக்கு அழகாக எரிந்தது, மூச்சு விடுவதுபோல நிதானமாக. அந்த வரியை எடுத்தது நான் என்பதற்கு அடையாளமும் இல்லை. அந்தக் கணினியில் எல்லோரும் ஒரே பெயரில்தான் நுழைவோம்.

மணியைப் பார்த்தேன். தாதா இல்லாதபோது அடித்து யாருக்குக் கேட்கப்போகிறது? திங்கட்கிழமை அடித்துக்கொள்ளலாம், அந்த வரியையும் அப்போதே திருப்பிப் போட்டுக்கொள்ளலாம் என்று குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

திங்கட்கிழமை ஜாதவ்பூரில் முழங்கால் அளவு தண்ணீர். நனைந்துபோய் மத்தியானம் வந்து சேர்ந்தேன். முதலாளி வாசலிலேயே நின்று பெட்டிக்கு அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். தாதா கோப்புகளை மெமரி கார்டில் ஏற்றிக் கொடுத்துவிட்டார். மணி என் நினைவிலேயே இல்லை. இதைச் சப்பைக்கட்டாகச் சொல்லவில்லை. நடந்தது அதுதான்.

இரண்டு வாரம் கழித்துச் செய்தி வந்தது. இலிஷ் மீன் பிடிக்கப் போன படகு ஒன்று நடுக்கடலில் எஞ்சின் நின்று மாட்டிக்கொண்டது. எஞ்சினைக் கிளப்பப் போன மிஸ்திரியின், அதாவது படகு மெக்கானிக்கின், வலது கை பெல்ட்டில் சிக்கி நசுங்கிவிட்டது. காலை பத்து மணிக்குச் சிவப்புப் பொத்தானை அழுத்தினார்கள். கரைக்கு ஒன்றும் வரவில்லை. மறுநாள் காலை வேறொரு படகு தற்செயலாகப் பார்த்து இழுத்துவந்தது. மிஸ்திரிக்கு மூன்று விரல்களை எடுத்துவிட்டார்கள். சீக்கிரம் வந்திருந்தால் விரல்களைக் காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டர் சொன்னாராம்.

பெட்டி திரும்பி வந்ததும் யாரும் கேட்கும் முன்பே என் மேஜையில் வைத்துத் திறந்தேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. கூடத்தின் எண் புதிது. ஆபத்து அறையின் எண் பழையது. கதவுகள் சேரவில்லை. இருபத்துநாலு மணி நேரமும் அந்தப் பெட்டி வெறும் இரைச்சலைத்தான் அனுப்பியிருக்கிறது. 

அன்று மாலை முதலாளி எங்கள் இருவரையும் உட்காரவைத்து விசாரித்தார். நல்ல மனிதர், ஆனால் பயத்தில் இருந்தார். ஆபத்து அறை ஏன் பழையது, காவல் வரி ஏன் இல்லை என்று தாதாவைக் கேட்டார். தாதா விழித்தார். பிறகு முதலாளி என் பக்கம் திரும்பி, "நீ கூடத்தை மாற்றினாயே, மணி அடித்தாயா?" என்றார்.

"அடித்தேன். திங்கட்கிழமை" என்றேன்.

இந்த இடத்தை எத்தனையோ தரம் எழுதி அடித்துவிட்டேன். யோசித்துச் சொன்ன பொய் இல்லை அது, வாயிலிருந்து விழுந்தது. அலுவலகத்தில் நான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வேலை செய்கிறவள் என்று பெயர். புதிதாக வருகிறவர்களிடம் முதலாளி என்னைக் காட்டி, இவளைப்போலப் பார்த்துச் செய் என்பார். அந்தப் பெயர் போய்விடும் என்ற பயம் எனக்கு. வேறு எதுவும் இல்லை. ஒரு மனிதனின் மூன்று விரல் போயிருக்கிறது, நான் என் பெயரைப் பார்த்துக்கொண்டேன்.

தாதா கொஞ்ச நேரம் மணியையே பார்த்தார். பிறகு, "அடித்திருப்பாள். நான்தான் மறந்திருப்பேன்" என்றார்.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. என்னை அவர் சந்தேகப்படவே இல்லை, தன்னைச் சந்தேகப்பட்டார். அவருடைய அம்மா கடைசி ஆறு வருடம் யாரையும் அடையாளம் தெரியாமல் இருந்து போனவர். சாப்பிட்ட தட்டைக் கழுவிவிட்டு, எனக்கு ஏன் சோறு போடவில்லை என்று மகனிடமே சண்டை போட்டவர். மணி கேட்டதும், காவல் வரியைத் தானே எடுத்ததும் நினைவில் இல்லை, அந்த நோய் தனக்கும் வந்துவிட்டது என்று தாதா நினைத்துக்கொண்டார். கீழே போய்த் தையல்காரரிடம், அந்தத் திங்கட்கிழமை மணி அடித்ததா என்று கேட்டிருக்கிறார். "உங்கள் மணி எப்போது அடிக்காமல் இருந்தது?" என்றாராம் அவர். அதுவே தாதாவுக்குச் சாட்சியாகிவிட்டது. பூஜை விடுமுறைக்குப் பிறகு வேலையை விட்டுவிடுகிறேன் என்று முதலாளியிடம் எழுதிக் கொடுத்துவிட்டார்.

வீட்டில் சொன்னேன். கணவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"ஏங்க, நான் மணி அடிக்கவே இல்ல."

"சரி, விடு. அவரு எப்படியும் ரெண்டு வருசத்துல ரிட்டயர் ஆகப் போறவரு. நீ இப்ப போய் வாயத் தொறந்தா ரெண்டு பேரு பேரும் கெடும். அம்புட்டுத்தேன்."

"அவருக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சுன்னு நெனச்சிட்டிருக்கார்ங்க."

 அவர் தட்டில் பாதிச் சோற்றை வைத்துவிட்டு எழுந்து கை கழுவப் போனார். அவருக்கு வேண்டியிருந்தது நான் நிம்மதியாகத் தூங்குவது. நானும் தூங்கவில்லை, அவரும் தூங்கவில்லை.

இப்படிப் பத்தொன்பது நாள். தினமும் பதினோரு மணிக்கு டீ வந்தது. தினமும் என் கீபோர்டின் மேல் ஒரு மாரி பிஸ்கட் வந்தது. நான் அதை டீயில் நனைத்துத் தின்றேன். இன்று சொல்கிறேன், நாளை சொல்கிறேன் என்று என்னையே ஏய்த்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் பிஸ்கட்டை இரண்டாம் தரமும் வைத்தார். நான் ஏறிட்டுப் பார்த்ததும், "ஏற்கனவே வைத்துவிட்டேனா?" என்று கேட்டார்.  யார் வேண்டுமானாலும் செய்யக்கூடிய சாதாரண மறதி. அவருக்கு அது தீர்ப்பு மாதிரி விழுந்தது. வரும் செவ்வாய்க்கிழமை மூளையை ஸ்கேன் எடுக்க நேரம் வாங்கியிருப்பதாக அப்போதுதான் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை காலை டாலிகஞ்சில் அவர் வீட்டுக்குப் போனேன். ஷேர் ஆட்டோவில் என் பக்கத்தில் இருந்தவர் போனில் யாரையோ காய்ச்சி எடுத்துக்கொண்டு வந்தார். எனக்கு அதெல்லாம் என்னையே திட்டுவதாகத் தோன்றியது. தாதாதான் கதவைத் திறந்தார். மனைவி கடைக்குப் போயிருந்தார். உள்ளே போனதும் பார்த்தேன், சுவரெல்லாம் சின்னச் சின்னக் காகிதங்கள். கேஸ் அணைத்தாயிற்று. மாத்திரை போட்டாயிற்று. பால்காரருக்குச் சொல்லியாயிற்று. ஒவ்வொன்றிலும் நேரம் குறித்திருந்தார்.

நான் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னேன்.

"தாதா, நான் மணி அடிக்கவில்லை."

"எப்போது?"

"சனிக்கிழமையும் இல்லை, திங்கட்கிழமையும் இல்லை. காவல் வரியையும் நான்தான் எடுத்தேன். நீங்கள் எதையும் மறக்கவில்லை."

அவர் மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார். என்ன சொல்கிறேன் என்று புரியவே அவருக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. "அப்படியென்றால் எனக்கு ஒன்றும் இல்லை" என்றார். இன்னொரு தரமும் அதையே சொன்னார். சிரித்தார். கண்ணில் நீர் வந்தது, சட்டைக் கையால் துடைத்துக்கொண்டார். எழுந்து போய்ச் சுவரிலிருந்து ஒரு காகிதத்தைப் பிய்த்தார். அப்புறம் இன்னொன்று. கேஸ், மாத்திரை, பால்காரர் எல்லாம் அவர் கையில் கசங்கின. எனக்கும் அழுகை வந்தது. நல்லவேளை, சொல்லிவிட்டேன், எல்லாம் சரியாகிவிடும் என்றுகூட ஒரு நிமிடம் நினைத்தேன்.

பிய்த்துக்கொண்டிருந்த கை நின்றது.

"பிழை செய்தாய், சரி. யாருக்கும் வரும், எனக்கும் வந்திருக்கும்" என்றார் திரும்பாமல். "ஆனால் இத்தனை நாள் என் எதிரில் உட்கார்ந்து என் பிஸ்கட்டைத் தின்றாயே. எப்படி?"

  அன்று அவர் வீட்டில் டீ தரவில்லை. கொல்கத்தாவில் ஒரு வீட்டிலிருந்து டீ குடிக்காமல் நான் வெளியே வந்தது அந்த ஒரு தரம்தான்.

திங்கட்கிழமை முதலாளியிடம் எழுதிக் கொடுத்தேன். தாதாவின் பிழை என்று அறிக்கை துறைக்குப் போய்விட்டது, கிளறாதே என்று பூசி மெழுகப் பார்த்தார். நான் கேட்கவில்லை. அறிக்கை திருத்தப்பட்டது. கூடத்தின் பொறுப்பை என்னிடமிருந்து எடுத்துவிட்டார்கள், நியாயம்தான். தாதா ராஜினாமாவைத் திரும்ப வாங்கிக்கொண்டார். ஆனால் மேஜையை ஜன்னல் பக்கம் மாற்றிக்கொண்டார். என்னை நீ என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவர் நீங்கள் என்று கூப்பிட ஆரம்பித்தார். கைப்பையில் ஒரு பிஸ்கட்தான் வருகிறது.

அதற்கப்புறம் ஒரு சனிக்கிழமை மீன்பிடித் துறையான நாம்கானாவுக்குப் போகும் லோக்கல் ரயிலில் ஏறினேன். அலுவலகத்தில் யாரும் போகச் சொல்லவில்லை. தாதாவிடம் பத்தொன்பது நாள் தாமதித்தவள், அந்த மிஸ்திரியிடம் அதைவிட எத்தனையோ நாள் தாமதித்துவிட்டேன். ரயிலில் கணவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். "நானும் வாரேன்" என்று அவரே செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். 

மிஸ்திரி படித்துறையில் ஒரு கவிழ்த்த தோணியின் மேல் உட்கார்ந்திருந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். வலது கையைத் துண்டால் மூடியிருந்தார். படகு அங்கேதான் கட்டியிருந்தது. பக்கத்தில் மூங்கில்களின் மேல் நீல நைலான் வலையைக் காயப் போட்டிருந்தார்கள். நான் இன்னார் என்று சொன்னேன். பெட்டியின் பிழை என் பிழை என்றும் சொன்னேன். கோபப்படுவார், திட்டுவார், எழுந்து போய்விடுவார் என்று எல்லாவற்றுக்கும் தயாராகப் போயிருந்தேன்.

அவர் தலையாட்டினார். "எஞ்சினும் நின்னு போகுது, பெட்டியும் நின்னு போகும். மிஷின்தானே, தீதி." அக்கா என்றே என்னைக் கூப்பிட்டார்.

பிறகு அவரே தொடர்ந்தார். "ஆனா அந்தப் பச்சை விளக்கு மட்டும் ரொம்ப நல்லாப் பண்ணியிருந்தீங்க. ராத்திரி பூரா நிக்காம எரிஞ்சுது. மத்தியானமே வலி தாங்கல, வலையைக் கொளுத்துங்கடான்னு கத்தினேன். நைலான் வலை எரிஞ்சா கரும்புகை போகும். எவ்வளவு தூரத்துல இருந்தாலும் வேற படகு வந்துரும், அதுதான் எங்க கடைசி வழி. படகை ஓட்டுற மாஜி வேண்டாம்னுட்டாரு. விளக்கு எரியுது பாரு, கரைக்குத் தெரிஞ்சிருச்சு, வந்துக்கிட்டிருக்காங்க, நங்கூரத்தைப் போட்டுட்டு இருங்கன்னாரு. நானும் அதையே பாத்துக்கிட்டுப் படுத்திருந்தேன். அது இல்லன்னா அந்த ராத்திரியைத் தாண்டியிருக்க மாட்டேன்."

என் கணவர் என் தோளைத் தொட்டார். போதும், எழுந்திரு என்று அதற்கு அர்த்தம். சொல்லாமல் எழுந்து வந்திருக்கலாம். அந்த மனிதருக்கு அந்த ராத்திரியில் மிச்சமிருந்த ஒரே நல்ல விஷயம் அந்த விளக்கு. அதையும் பறிக்கவேண்டுமா என்று இன்றும் எனக்குச் சந்தேகம் உண்டு. ஆனால் மறுபடியும் ஒருவரைப் பொய்யை நம்பவிட்டுவிட்டு அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை.

"அந்த விளக்குக்கு ஒன்றும் தெரியாது" என்றேன். "செய்தி போகிறதா இல்லையா என்று அது பார்க்கவே இல்லை. பொத்தானை அழுத்தினால் எரியும்படி நான் செய்துவைத்தேன். அவ்வளவுதான்."

அவர் என்னைப் பார்த்தார். நான் சொன்னது விளங்காததுபோல் முதலில் பார்த்தார். பிறகு மெல்லத் திரும்பி மூங்கில் மேல் கிடந்த வலையைப் பார்த்தார். ஓர் இழைகூடக் கருகாத வலை. துண்டுக்குள் இருந்த கையை வெளியே எடுத்து அதைச் சுட்டிக் காட்டினார்.

"அதோ, அந்த வலைதான்" என்றார்.